மூன்று தரம் கேட்ட தேத்தண்ணி

1

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் வந்து குடியேறிய இந்த நாட்டில், ஒருவரிடம் தேத்தண்ணி வேண்டுமா என்று ஒரு தரம்தான் கேட்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கேட்டவர் உடனே கேத்திலை மூடி வைத்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். உங்களுக்கு நா வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தாலும் அவருக்கு அது தெரியாது.

யுத்தத்துக்குள் சீனிக்கு வரிசையில் நின்று, மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்கிற உங்களிடம் போய், தேத்தண்ணி கேட்கும் முறையைப் பற்றி எழுதுகிறேனே என்று எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது? இந்தச் சின்ன விஷயத்தால் போன வருடம் என் கடை போகப் பார்த்தது. கடையோடு சேர்ந்து என் மகளும் என் கையை விட்டுப் போய்விடுவாள் என்று நான் பயந்தேன். அதனால் எழுதத்தான் வேண்டும்.

நாங்கள் இருப்பது நோர்வேயின் வடக்குக் கோடியில் ஒரு மீன்பிடிப் பட்டினம். பருத்தித்துறையை விட்டு வந்தாலும் மீன் மணம் எங்களை விடவில்லை. இவர், அதாவது என் கணவர், மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஊருக்கு வெளியே மரச் சட்டங்களில் மீனை இரண்டிரண்டாகக் கட்டித் தொங்கவிட்டுக் குளிரில் காயவிடுவார்கள். முதன்முதலில் அதைப் பார்த்தபோது இவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று, உப்பும் போடாமல் வெயிலும் இல்லாமல் இதென்ன கருவாடு என்று அந்த ஊர்க்காரரையே திட்டினார். இப்போது அந்த மீனை அவரே கட்டித் தொங்கவிடுகிறார்.

கோடை வந்தால் சனிக்கிழமைகளில் துறைமுகத்துக்குப் பக்கத்து வெளியில் ஊர்ச்சந்தை கூடும். கையால் பின்னிய கம்பளிச் சட்டை, உருளைக்கிழங்கு, பழப்பாகு, பழைய புத்தகம் என்று ஆளுக்கொரு மேசை. அதில் ஒரு மேசை என்னுடையது. மேலே ஒரு குடை, கீழே காஸ் அடுப்பு, அடுப்பில் பெரிய கேத்தில், பக்கத்தில் ஒரு போத்தல் நிறையத் தட்டை வடை. மற்ற ஊர்க்காரர் பருத்தித்துறை வடை என்று சொல்வார்களே, அதேதான். ஊர் முழுக்கக் கோப்பி குடிக்கிற இடத்தில் தேத்தண்ணி விற்கப் போனவள் நான் ஒருத்திதான். இவர் முதலே சொன்னார், உமக்கு விசர் என்று. எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான், வேறு என்னத்தை விற்பது?

எனக்கு வாய் மகள் வதனி. பத்து வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினைந்து. கிழமை நாட்களில் அவளைக் காண்பதே அரிது. பாடசாலை, நீச்சல், சிநேகிதிகள், வந்தால் அறைக் கதவு. சனிக்கிழமை மட்டும் சந்தையில் எனக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வாள். கேத்தில் கொதிக்கும் இடைவெளியில் இரண்டு பேரும் தமிழில் ஊர்வம்பு கதைப்போம். அந்தச் சிவப்புத் தொப்பிக்காரி எத்தனை தரம் வடையை மணந்து பார்த்துவிட்டு வாங்காமல் போகிறாள் என்பது மாதிரி. கடை போனால் அந்த நேரமும் போய்விடும். எனக்கு நட்டம் அதுதான்.

2

எங்கள் பழைய கடை பருத்தித்துறை மீன் சந்தைக்கு அருகில் இருந்தது. கிடுகுக் கூரை, இரண்டு வாங்கு, பின்னால் கிணறு. இவர் தேத்தண்ணி ஆற்றுவார். நான் வடை தட்டுவேன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் முடிந்து, கொழும்பில் கடை வைத்திருந்தவர்களெல்லாம் வெறும் கையோடு ஊருக்குத் திரும்பிய காலம். அவர்கள் எங்கள் வாங்கில் வந்து குந்துவார்கள். தேத்தண்ணி குடிக்கிறியளோ என்றால் ஒருவரும் ஓம் என்று சொல்லமாட்டார்கள்.

கடைக்கு வந்தவர் கடைத் தேத்தண்ணியையே வேண்டாம் என்பாரா என்று இங்கே பிறந்தவர்கள் கேட்பார்கள். சொல்லுவார். காசுக்குக் குடிக்க வந்தவர் வேறு. அவர் வந்ததும் "ஒரு பிளேன்ரீ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இருப்பார். சும்மா வந்து குந்தியவர், தெரிந்தவர், அலுவலாக வந்தவர், இவர்களுக்கு நாங்கள்தான் கேட்க வேண்டும். முதல் தரம் கேட்டால், வேண்டாம், இப்பதான் குடிச்சனான் என்பார். அது மரியாதை. இரண்டாம் தரம் கேட்டால், வேண்டாம், வயிறு சரியில்லை என்பார். அது எங்கள் சிரமத்தைப் பார்த்து. மூன்றாம் தரம் கேட்டால்தான் உண்மையான பதில் வரும். அந்தப் பதிலும் நேரே வராது. "சீனியைக் குறைச்சுப் போடும்" என்று வரும். அப்படி வந்தால் குடிக்கிறார் என்று அர்த்தம். இரண்டாம் தரத்தோடு நிறுத்தினவளை ஊர் கசவாரம், கருமி என்று சொல்லும்.

இந்த முறைக்கு எங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் விலக்கில்லை. பி.எச்.ஐ. ஐயா என்று சொல்வோம். வெள்ளைக் காற்சட்டை, தலையில் தொப்பி, சைக்கிள். சந்தையில் அவருடைய மணி கேட்டாலே இறைச்சிக்கடைக்காரர் ஈ கலைக்கத் தொடங்கிவிடுவார். எண்பத்தாறாம் ஆண்டளவில் ஒரு நாள் எங்கள் கடைக்கு வந்தார். நான் கேட்டேன். வேண்டாம் பிள்ளை என்றார். திரும்பவும் கேட்டேன். வேண்டாம் என்றார். மூன்றாம் தரம் நான் கேட்கவே இல்லை, கிளாசைக் கையில் கொடுத்தேன். நீர் விடமாட்டீர், சீனியைக் குறைச்சுப் போட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு அடிவரை குடித்தார். மீசையைத் துடைத்தார். இரண்டு தட்டை வடையையும் கடித்தார். பிறகு எழும்பிக் கடையின் பின்பக்கம் போனார்.

அங்கே தண்ணீர்த் தொட்டியில் நுளம்புக் குடம்பி, அதாவது கொசுப்புழு, நெளிந்தது. கடையைப் பூட்டச் சொல்லிவிட்டார். தொட்டியைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தான் வந்து பார்த்த பிறகுதான் திறக்கலாம் என்றார். இவருக்கு வாயெல்லாம் உலர்ந்து போய்விட்டது.

"ஐயா, இப்பதானே தேத்தண்ணி குடிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"தேத்தண்ணி நல்லாயிருந்தது. தொட்டி நல்லாயில்லை," என்றார் பி.எச்.ஐ.

இவர் அன்று முழுக்க அந்த மனிசனைத் திட்டித் தீர்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரிதானே. தொட்டியைத் தேய்த்தோம், சுண்ணாம்பு அடித்தோம், கடை திறந்தோம். ஐயா திரும்பி வந்து பார்த்து, நல்லது என்றார். நான் தேத்தண்ணி குடிக்கிறியளோ என்றேன். வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனான் என்றார்.

3

இனிப் போன வருடத்துக்கு வருகிறேன்.

கோடையின் முதல் சந்தை. மழைத்தூறல். வதனிக்குப் பாடசாலையில் ஏதோ மலையேற்றம், அவள் வரவில்லை. இவருக்கு வேலை. நான் தனிய. எனக்குத் தெரிந்த நோர்வேஜியன் அப்போது ஒரு கைப்பிடிதான். தேத்தண்ணி, வடை, காலை வணக்கம், நன்றி, கவனம் சுடும். அதுக்கு மேல் ஒன்று கேட்டால் சிரிப்பேன்.

நீலச் சட்டை போட்ட ஒரு இளம் ஆள் வந்து அடையாள அட்டையைக் காட்டினான். உணவுப் பரிசோதனைக்காரன் என்று விளங்கியது. பாலுக்குள் ஒரு கம்பியை விட்டுச் சூடு பார்த்தான், குளிர்ப் பெட்டியைத் திறந்தான், கை கழுவும் வாளியைப் பார்த்து எழுதிக்கொண்டான். கை இரண்டும் மழையில் நனைந்து சிவந்துபோய் இருந்தன. வேலைக்குப் புதிது போல, ஒரே கட்டத்தை இரண்டு தரம் வெட்டி எழுதினான். பெற்ற மனம் பொறுக்குமா? ஒரு கிளாஸ் பால்தேத்தண்ணி ஊற்றி நீட்டினேன்.

"நை தக்," என்றான். வேண்டாம், நன்றி.

என்ன மரியாதையான பிள்ளை என்று நினைத்தேன். திரும்பவும் நீட்டினேன். நை தக் என்று சொல்லி இந்த முறை சிரித்தான். ஓம், சிரித்தான். எங்கள் ஊரில் இரண்டாம் வேண்டாத்தை இப்படித்தான் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். நான் கிளாசை அவன் கையில் வைத்து, விரலை மடித்து விட்டேன். அவன் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் தட்டை வடையையும் வைத்தேன்.

அவன் முகம் அவித்த இறால் மாதிரிச் சிவந்தது. கிளாசை மேசையில் வைத்தான், ஒரு வாய் குடிக்கவில்லை. வடையை எடுத்துக் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தான். ஏதோ மெல்லச் சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் தரத்துக்குப் பிறகும் குடிக்காத ஒருவரை என் வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன். தேத்தண்ணியில் ஏதும் விழுந்து கிடந்ததோ என்று எடுத்துக் குடித்துக்கூடப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது.

அடுத்த கிழமை நகரசபையில் இருந்து அறிவித்தல் வந்தது. வதனிதான் வாசித்தாள். பரிசோதனைக்கு வந்த அலுவலருக்கு, அவர் மூன்று தரம் மறுத்தும், அன்பளிப்புக் கொடுக்க முயன்றதாகச் சொல்லியிருந்தார்கள். விளக்கம் கேட்கும்வரை மேசை போடக்கூடாது. அன்பளிப்பு என்று அவள் தமிழில் சொன்னது நல்ல சொல்தான். அங்கே இருந்த சொல் லஞ்சம் என்பது பிறகு தெரிய வந்தது. பிள்ளை எனக்காக அதை மெதுவாக்கியிருக்கிறாள்.

இவர் பயந்துபோனார். எங்களைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ, விசாவில் கைவைப்பாங்களோ என்று வீட்டுக்குள் நடந்தார். ஒரு வெள்ளைக்காரப் பொடியனுக்குத் தேத்தண்ணி பருக்கப் போய்க் குடும்பத்தைச் சந்தியில் விட்டுவிட்டீர் என்று என்னைப் பேசினார். நான் அழுதேன். அழுதுகொண்டே அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்தேன். வேண்டாம் என்றார். வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கோப்பை காலி.

வதனி மட்டும் கோபத்தில் கொதித்தாள்.

"அம்மா, அவர் மூண்டு தரம் நை எண்டு சொன்னவர்."

"மூண்டு தரம் சொன்னால்தானே பிள்ளை, வேணும் எண்டு அர்த்தம்?"

அவள் வாசித்த கடிதத்தை மேசையில் போட்டாள். பிறகு சொன்னாள், தமிழில் தொடங்கி அவர்களுடைய பாஷையில் முடித்து, எனக்கு விளங்கும்வரை திருப்பித் திருப்பிச் சொன்னாள். இஞ்சை நை எண்டால் நைதான். நான் சொல்லுறதும் அப்பிடித்தான். சாப்பாடு வேண்டாம் எண்டு சொன்னால் நீங்கள் தட்டில போடுறீங்கள். கம்பளிச் சட்டை வேண்டாம் எண்டால் பையுக்குள்ள வைக்கிறீங்கள். என்ரை நையை இந்த வீட்டில ஒருத்தருமே கேக்கிறேல்லை.

கதவு சாத்தியது. அன்று நான் அவளைச் சாப்பிட ஒரு தரம்தான் கூப்பிட்டேன். அவள் வேண்டாம் என்றாள். சோறு ஆறிக் கிடந்தது.

4

மேசை போடாத அந்தச் சனிக்கிழமைகளில் வீட்டு யன்னலால் சந்தையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். வதனி சிநேகிதிகளோடு போய்விடுவாள். பார்த்துக்கொண்டு இருக்கும்போது எனக்குச் செல்லக்காவின் ஞாபகம் வரும்.

செல்லக்கா எங்கள் கடைக்கு அருகில் மீன் விற்றவர். புருஷன் பிடித்து வருவார், இவ விற்பா. குரல் என்றால் சந்தை முழுக்கக் கேட்கும். மீனில் நகத்தால் குத்திப் பார்ப்பவரின் கையில் அடிப்பா. நான் ஒரு நாளும் அவவிடம் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டதில்லை, அவவே "மணி, ஒண்டு தா" என்று என் பெயரைச் சொல்லித் தூர நின்று கத்துவா.

யுத்தத்தால் கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த காலம். தடை என்றால் வயிறு கேட்குமா? ஒரு விடியப்புறம் போன செல்லக்காவின் புருஷன் வரவில்லை. வள்ளமும் வரவில்லை. கடலில் என்ன நடந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது? ஆட்கள் கரையில் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

சில நாள் கழித்துச் செல்லக்கா சந்தைக்கு வந்தா. மீன் கொண்டுவரும் கடகம் வெறுமை. வழக்கமான இடத்தில் கடகத்தைக் கவிழ்த்து அதன்மேல் குந்தினா. ஒருவரோடும் கதைக்கவில்லை. ஆட்கள் அவவைச் சுற்றிக்கொண்டு போனார்கள், என்ன சொல்வதென்று தெரியாமல். எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். போய், தேத்தண்ணி குடியுங்கோ அக்கா என்றேன்.

வேண்டாம் என்றா. அந்த வேண்டாம் மரியாதை இல்லை. உண்மையான வேண்டாம். கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போனேன். தலையை மட்டும் ஆட்டினா. நான் கடைக்குத் திரும்பி வந்து நின்றேன். உண்மையாகவே வேண்டாம் என்கிறவவைப் போட்டு ஆக்கினைப்படுத்துகிறேனோ என்று எனக்குள் ஒரு பயம். இவர் ஆற்றிய கிளாசை என் கையில் தந்து, போம் என்றார். போனேன். கையைப் பிடித்து விரித்து, கிளாசை வைத்து, விரலை மடித்து, நானும் மடித்த விரலைப் பிடித்துக்கொண்டு அந்த மீன் தண்ணியில் குந்தினேன்.

நெடுநேரம். பிறகு ஒரு வாய் குடித்தா.

"சீனி காணாது," என்றா.

அதைச் சொன்ன பிறகுதான் அழத் தொடங்கினா. பிறகு எத்தனையோ முறை எனக்குச் சொல்லியிருக்கிறா, "அண்டைக்கு நீ இரண்டோடை விட்டிருந்தால் மணி, நான் அந்தக் கடகத்தை விட்டு எழும்பியிருக்க மாட்டன்."

ஆகவே என் மகள் நை என்றால் நைதான் என்று கத்தியபோது, அவள் சொல்வது நியாயம் என்று என் புத்திக்குத் தெரிந்தது. மனம்தான் கேட்கவில்லை. உண்மையான வேண்டாத்துக்குள்ளும் ஒரு வேணும் கிடக்கும் என்று கண்ணால் கண்டவள் நான். அதை நகரசபையில் எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவது?

5

விளக்கம் கேட்கிற நாள் வந்தது. இவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் வந்திருக்கமாட்டார், அரசாங்கக் கந்தோர் என்றால் அந்தத் தெருவாலேயே போகமாட்டார். வதனி பாடசாலையில் சொல்லிவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் சேலை உடுத்து, அதன்மேல் குளிர்ச்சட்டை போட்டு, அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த தலை, கண்ணாடியோடு ஒரு அதிகாரி அம்மா. பக்கத்தில் அந்த நீலச் சட்டைப் பையன். அவன் என்னைப் பார்க்காமல் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேசையில் ஒரு கோப்பிப் பிளாஸ்க், கோப்பைகள். பயத்தில் எனக்குக் காலையில் இருந்து பச்சைத்தண்ணி இறங்கவில்லை.

அதிகாரி அம்மா பிளாஸ்கைத் தூக்கி என்னைப் பார்த்து, கோப்பி வேண்டுமா என்று கேட்டா.

"நை தக்," என்றேன்.

சரி என்று பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டா. தனக்கும் பையனுக்கும் ஊற்றிக்கொண்டா. கோப்பி மணம் என் மூக்கில் ஏறியது. நான் கைகளைக் கட்டிக்கொண்டு அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். இரண்டாம் தரம் கேட்பா என்று காத்திருந்தேன். அவ கண்ணாடியைச் சரிசெய்து தாள்களைப் புரட்டத் தொடங்கிவிட்டா.

வதனி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்கைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாய் கோணியது, அழப்போகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பை அடக்குகிறாள். அவள் அதிகாரி அம்மா பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பதைப் பிறகுதான் எனக்குச் சொன்னாள். என்ரை அம்மாவுக்குக் கோப்பி வேணும். அவ வேண்டாம் எண்டு சொன்னது உங்களுக்கு மரியாதை தாறதுக்கு. நீங்கள் திருப்பிக் கேக்கும்வரைக்கும் அவ இப்பிடியே இருப்பா. சாகும்வரைக்கும் இருப்பா. கேட்டுப் பாருங்கோ.

அதிகாரி அம்மா என்னை உற்றுப் பார்த்தா. பிளாஸ்கை மெல்லத் தூக்கி, கோப்பி வேண்டுமா என்றா.

நான் என்ன செய்வது? என் வாய் என் சொல் கேட்காது. "நை தக்," என்று சிரித்துக்கொண்டு சொன்னேன்.

வதனி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள், இன்னும் ஒரு தரம் என்று. அதிகாரி அம்மா மூன்றாம் தரம் கேட்டா. நான் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி, சுடச்சுட அடிவரை குடித்தேன். சீனி இல்லாத கசந்த கோப்பி. அவர்கள் சீனி நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. சீனிக்கும் மூன்று தரம் என்றால் அன்று அந்தக் கூட்டம் முடிந்திருக்காது.

பையன் முதன்முதலாக என்னைப் பார்த்தான். பார்த்துக் கேட்டான், நியாயமான கேள்விதான். அப்படியென்றால் எல்லோருக்கும் கொடுக்கிறீர்கள், சரி, ஆனால் சோதனைக்கு வந்தவன் அதை வாங்கினால் பிறகு எப்படிக் கடையைப் பிழை என்று எழுதுவான்?

நான் அவனுக்கு எங்கள் பி.எச்.ஐ. ஐயாவைச் சொன்னேன். நான் தமிழில் சொல்ல வதனி மாற்றிச் சொன்னாள். சைக்கிள் மணியைச் சொன்னேன், தொப்பியைச் சொன்னேன், வடை கடித்ததைச் சொன்னேன். தொட்டிக் கதையைப் பரிசோதனைக்காரருக்குச் சொல்வதா என்று யோசனை வந்துவிட்டது. நான் நிறுத்தினேன். வதனி நிறுத்தவில்லை. மிச்சத்தை அவளே சொன்னாள். குடம்பி நெளிந்ததைக் கையால் காட்டினாள். அவளுடைய அப்பா வாய் உலர்ந்து கேட்டதைக் கேட்டாள். பிறகு தன் மீசை இல்லாத மேலுதட்டைத் துடைத்துவிட்டு, பி.எச்.ஐ. ஐயாவின் குரலில் அந்தப் பதிலைச் சொன்னாள். சொல் விளங்காவிட்டாலும் எனக்கு அது எந்த இடம் என்று தெரிந்தது. அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தா. பையனும் சிரித்தான், காது வரைக்கும் சிவந்துகொண்டு.

மேசை போடலாம் என்றார்கள். வாளி காணாது, குழாய் வைத்த தண்ணீர்ப் பாத்திரம் வைக்க வேண்டும். அலுவலாக வருகிறவருக்கு எதுவும் நீட்டக்கூடாது, ஒரு தரம்கூட. நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பி.எச்.ஐ. ஐயாவும் தொட்டியைத்தானே திருத்தச் சொன்னவர்.

வெளியே வந்ததும் கேட்டேன், உனக்கு அதெல்லாம் எப்படி ஞாபகம், நீ அப்போது ஆறு வயதுக் குஞ்சு. அவளுக்குச் சுண்ணாம்பு மணம் ஞாபகமாம். சுவருக்கு அடிக்கத் தனக்கும் ஒரு தும்புக்கட்டை கொடுத்தேனாம். எனக்கு அது மறந்துபோய்விட்டது.

"ஆனால் அம்மா, இனி ஒரு தரம்தான். எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ. எல்லாருக்கும் ஒரு தரம்தான்."

நடுத்தெருவில், அந்தக் குளிரில், கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

6

சொன்னால் சொன்னபடி நடப்பவள் நான். அன்றிலிருந்து ஒரு தரம்தான். அந்த நீலச் சட்டைப் பையன் இப்போது லீவு நாட்களில் சாதாரணச் சட்டையில் வந்து காசு கொடுத்துக் குடிக்கிறான். வடை வேண்டுமா என்று கேட்பேன். நை தக் என்பான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நான் வாயைப் பொத்திக்கொண்டு கேத்திலைப் பார்ப்பேன்.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடுகிறாயா என்று ஒரு தரம். கோயில் இல்லாத ஊரில் யாரோ வீட்டில் பூசை வைத்தால், வருகிறாயா என்று ஒரு தரம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். சண்டை குறைந்தது. வீடு அமைதி. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இவரிடம் மட்டும் சொன்னேன். அவர் மீன் மணக்கும் கையால் என் தலையைத் தட்டிவிட்டு, இதைத்தான் இஞ்சை மரியாதை எண்டு சொல்லுறாங்கள் என்றார்.

எதற்காகக் கடையை விடக்கூடாது என்று அழுதேனோ, அதுவும் நிலைக்கவில்லை. என் நோர்வேஜியன் கொஞ்சம் தேறிவிட்டது. இந்தக் கோடையில் வதனி சந்தைக்கு எதிரே இருக்கும் பாண் கடையில் சனிக்கிழமை வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அம்மாவுக்கு இனி நான் தேவையில்லைத்தானே என்று கேட்டாள். ஒரு தரம்தான் கேட்டாள். நானும், தேவையில்லை, நீ போ பிள்ளை என்று சொல்லிவிட்டேன். எங்கள் முறைப்படி அது முதலாவது வேண்டாம். அவள் அதை இந்த நாட்டு முறைப்படி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரைக் குறை சொல்வது?

போன சனிக்கிழமை சந்தை கூட்டம். மத்தியானம் போல வதனி பாண் கடை ஏப்ரனோடு தெருவைக் கடந்து வந்தாள். தலைமயிரில் மாத்தூள். எனக்குப் பக்கத்தில் வந்து நிற்கவில்லை, வாங்க வருகிற ஆட்கள் நிற்கும் பக்கத்தில் நின்றாள். களைத்துப்போய் இருந்தாள். அன்று கடைச் சொந்தக்காரி ஏதோ ஏசிவிட்டாளாம் என்று பிறகு தெரிந்தது.

தேத்தண்ணி குடிக்கிறியோ என்று கேட்டேன்.

"வேண்டாம் அம்மா."

சத்தியம் சத்தியம்தான். கேத்திலை மூடினேன். துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினேன். துடைத்து முடிந்து நிமிர்ந்தால் அவள் போகவில்லை. அதே இடத்தில் நின்று கேத்திலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்த பார்வை. நகரசபை அறையில் நான் பிளாஸ்கைப் பார்த்த பார்வை.

"அவ்வளவுதானோ?" என்றாள். "இன்னும் இரண்டு தரம் இருக்கெல்லோ?"

துணியைக் கீழே வைத்தேன். சத்தியம் என்னாவது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நை தக் என்றாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது. பின்னால் ஆட்கள் வரிசையில் காத்துக்கொண்டு நின்றார்கள். நிற்கட்டும். நான் மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய், வெறும் கிளாசை அவள் கையில் வைத்து, விரலை மடித்துவிட்டு மூன்றாம் தரம் கேட்டேன்.

"சீனியைக் குறைச்சுப் போடுங்கோ அம்மா," என்றாள்.

நான் குறைக்கவில்லை.